புகழும் பொறுப்பும்

ஐதராபாத்து மாநகரில் தொழிற்பேட்டையைச் சுற்றி வளர்ந்த பகுதி சனத்நகர். விடுமுறை நாள் மாலையில் அதன் தெருக்களில் நடப்போமானால், சுவரிலே கரிக்கட்டியால் மூன்று கோடுகள் வரைந்து, அவற்றையே விக்கெட்டாகக் கொண்டு சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுவதைக் காணலாம். பெரிய ஆட்டக்காரரிடமிருந்து அவர்கள் மட்டை பிடிக்கும் முறையை மட்டுமா கற்கிறார்கள்? அவர் சட்டை அணியும் விதத்தையும், நடுவரிடம் நடந்துகொள்ளும் விதத்தையும் சேர்த்தே கற்கிறார்கள். ஆதலின், புகழ்பெற்ற வீரர்கள் பொதுமக்களுக்கு நல்லொழுக்கத்தையும் கடன்பட்டவர்களா என்னும் வினா எழுகிறது.

ஆடுவதே வீரரின் வேலை. ஒழுக்கம் கற்பிப்பது பெற்றோரின் வேலை என்பர் சிலர். ஊரார் கண்முன் நிற்பவர் ஊர் மெச்ச நடக்க வேண்டும் என்பர் வேறு சிலர். ஒழுக்கம் என்னும் ஒரு சொல்லுக்குள் ஆடுகளம், விளம்பரம், இல்லம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பேசுவதாலேயே குழப்பம் நேர்கிறது. அவற்றை வேறு பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது ஆடுகளம். முடிவு எவ்வாறு அமையும் என்று எவரும் அறியார் என்ற நம்பிக்கையிலேதான் நாம் நுழைவுச்சீட்டு வாங்குகிறோம். முடிவை எவரேனும் முன்னரே விலைக்கு விற்றுவிட்டால், நாம் காண்பது ஆட்டமன்று, நாடகம். ஆகவே களத்தில் நேர்மை என்பது வீரர் தாமாக விரும்பித் தரும் கொடை அன்று. தீர்த்தே ஆகவேண்டிய கடன். 2000 ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க அணித்தலைவர் ஹன்சி குரோஞ்சே, சூதாட்டத் தரகரிடம் பணம் பெற்றதை ஒப்புக்கொண்டபோது கிரிக்கெட் உலகமே அதிர்ந்தது.

அதே ஆண்டு டிசம்பரில், ஐதராபாத்தின் மைந்தர் முகம்மது அசாருதீனுக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆயுட்காலத் தடை விதித்தது. தமது முதல் மூன்று டெஸ்ட் ஆட்டங்களிலும் சதம் அடித்தவர் அவர். 99 டெஸ்டுகள் ஆடியவர். 47 டெஸ்டுகளில் தலைமை தாங்கியவர். தடையை எதிர்த்து அவர் வழக்காடினார். 2012 நவம்பரில் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் அத்தடை சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. தடை வந்தபோது அவருக்கு வயது 37. தீர்ப்பு வந்தபோது 49. மீண்டும் மட்டை எடுத்துக் களமிறங்கும் வயதன்று அது. வீரர் நமக்கு நேர்மையைக் கடன்பட்டவரானால், நாமும் அவருக்கு முறையான விசாரணையைக் கடன்பட்டவர்கள் என்பதை இதனால் உணரலாம்.

இரண்டாவது விளம்பரம். வீரர் ஒரு பண்டத்தைக் கையில் ஏந்திச் சிரிக்கும்போது, வணிகர் விலைக்கு வாங்குவது அவர்மீது நாம் வைத்த நம்பிக்கையையே. இதனை நன்குணர்ந்தவர் புல்லேல கோபிசந்த். 2001 ஆம் ஆண்டில் அகில இங்கிலாந்து இறகுப்பந்துப் பட்டத்தை வென்ற அவரைக் குளிர்பான விளம்பரம் தேடி வந்தது. உடல்நலத்துக்கு உகந்ததல்ல என்று தாம் கருதிய பானத்தைப் பிறருக்குப் பரிந்துரைக்க அவர் இசையவில்லை. பின்னாளில் இதே ஐதராபாத்தின் கச்சிபௌலியில் அவர் நிறுவிய பயிற்சிக்கூடத்திலிருந்து ஒலிம்பிக் பதக்கம் வென்றோர் தோன்றினர்.

மூன்றாவது இல்லம். வீரரின் மணவாழ்க்கை, வழிபாடு, உணவு ஆகியவற்றை அலசும் உரிமை நுழைவுச்சீட்டோடு நமக்குக் கிடைப்பதில்லை. ஆயினும், பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டு அதனைச் சொந்த விஷயம் என்று மறைக்கவும் அவருக்கு உரிமையில்லை. அங்கே எல்லாக் குடிமக்களையும் போல அவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே. புகழ் அவருக்குச் சலுகையும் ஆகாது, கூடுதல் தண்டனையும் ஆகாது.

ஆகவே களத்தில் நேர்மையையும் விளம்பரத்தில் உண்மையையும் வீரரிடம் உறுதியாகக் கேட்போம்; அவர் வீட்டு வாயிலில் நின்றுவிடுவோம். எஞ்சிய ஒழுக்கத்தைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது. சனத்நகர்த் தெருவில் சுவர்க்கோட்டில் பந்து பட்டதா இல்லையா என்று பூசல் எழும்போது, "பட்டது, நான் அவுட்" என்று தானே மட்டையைக் கீழே வைக்கும் பையனை, அவ்வழியே செல்லும் நாம் ஒரு சொல் பாராட்டிவிட்டுப் போகலாம் அல்லவா?