வேலி முள்ளும் சைக்கிள் ரியூப்பும்

ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களின் ஏற்ற இறக்கங்களில் நடந்தே பழகிய குடும்பங்கள் பல, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வவுனியா, கிளிநொச்சிக் காணிகளில் குடியேறின. இந்தச் சமதரையில் சைக்கிள்தான் அவர்களுக்குக் கைகொடுத்தது.

தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய குச்சிகள் தேயிலைச் செடியின் அடியிலேயே கிடந்து உரமாகும். இங்கே வேலி வெட்டும்போது முட்கிளுவை, முள்முருக்குக் கொப்புகள் ஒழுங்கையில் விழுகின்றன. காய்ந்த முள் ஆணிபோல் இறுகி, மணலில் மறைந்து கிடந்து ரயரைத் துளைக்கிறது.

ஒட்டுப் போட்ட மறுநாளே காற்றுப் போகிறதா? முள்நுனி ரயருக்குள்ளேயே இருக்கக்கூடும். ரயரின் உட்புறத்தைப் பழந்துணியால் துடையுங்கள். துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கும். அதைப் பிடுங்கிய பின்பே ரியூப்பை மாட்டுங்கள். ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே முள் இரண்டு ஓட்டை போட்டிருக்கலாம்.

இவற்றைவிட நல்லது, வேலி வெட்டிய அன்றே ஒழுங்கையைக் கூட்டிவிடுவது. குழையை ஆட்டுக்குப் போடலாம். முட்கொப்புகளை ஒதுக்குப்புறக் குழியில் இடலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும், நோயாளியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைபவரும் அந்த ஒழுங்கையால்தான் போகவேண்டும்.