மர்மக் கதையில் துப்பு வைத்தல்

மர்மக் கதையின் முடிச்சை அவிழ்க்க உதவும் விவரத்தை, அதன் பொருள் உடனே விளங்காதபடி, வாசகரின் கண்முன்னே முன்கூட்டியே வைத்துவிடுவது துப்பு வைத்தல் எனப்படும். முடிவைப் படித்தவர் முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் அந்த விவரம் அங்கே இருக்க வேண்டும். இருந்தால் தான் கவனிக்கத் தவறியதை எண்ணி ரசிப்பார். இல்லாவிட்டால் எழுத்தாளர் தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்.

இங்கிலாந்து எழுத்தாளரும் பாதிரியாருமான ரொனால்டு நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் துப்பு எதுவும் வாசகருக்கு மறைக்கப்படக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

துப்பும் சான்றும்

சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் முத்தும், கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கமும் இருந்தன. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் கோவலன் கள்வன் அல்லன் என்பது அரசனுக்கு விளங்குகிறது. ஆனால் உண்மைக் கள்வன் பொற்கொல்லனே என்பது படிப்பவருக்கு முன்பே தெரியும். ஆகவே மாணிக்கப் பரல் அரசனுக்குச் சான்று. வாசகருக்கோ அது துப்பு அன்று. இதையே மர்மக் கதையாக எழுதுபவர் பொற்கொல்லனின் செயலை மறைத்துவிட்டு, சிலம்பின் பரல்களைப் பற்றி மட்டும் வேறொரு பேச்சின் நடுவே முன்னரே சொல்லியிருப்பார்.

திருச்சிராப்பள்ளியும் துப்பறியும் கதையும்

தமிழின் தொடக்ககாலத் துப்பறியும் கதைகளுள் ஒன்றான 'தானவன்' 1894இல் வெளிவந்தது. அதை எழுதிய பண்டித நடேச சாஸ்திரி திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சேர்ந்தவர். கணேஷ், வசந்த் என்னும் வழக்கறிஞர் இணையைப் படைத்த சுஜாதா (1935–2008) திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். அவருடைய 'கொலையுதிர் காலம்' கதையில் நிகழ்வுகளுக்குப் பேய், அறிவியல் என இரண்டு விளக்கங்கள் போட்டியிடுகின்றன. ஒரே விவரம் இரண்டு விளக்கங்களுக்கும் பொருந்துமாறு அமைந்தால், அதை ஒளித்துவைக்க வேண்டிய தேவையே இராது.

துப்பை இரண்டாகப் பிரித்தல்

நல்ல துப்பில் பெரும்பாலும் இரண்டு பாதிகள் உண்டு: ஒன்று கண்ணில் படும் செய்தி, மற்றொன்று அதற்குப் பொருள் தரும் பொது அறிவு. இரண்டையும் வாசகருக்குத் தர வேண்டும். ஆனால் அடுத்தடுத்துத் தரக் கூடாது.

பச்சைமலையைக் களமாகக் கொண்ட ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்வோம். மலையில் செவ்வாய் இரவு ஒரு கொலை நடக்கிறது. துறையூரில் வசிக்கும் ஒருவர், தான் பத்து நாள்களாக மலைக்கே போகவில்லை என்கிறார்.

முதல் பாதி: முதல் அத்தியாயத்தில் சந்தையில் மரவள்ளிக் கிழங்குக்கு விலை பேசுகிறார்கள். "புடுங்கி மூணு நாளானா உள்ளே கறுத்துப் போயிடுங்க, இன்னிக்கே வித்தாகணும்" என்கிறார் விவசாயி. வாசகர் இதை ஊர்ப் பேச்சாக எண்ணிக் கடந்துவிடுவார்.

இரண்டாம் பாதி: ஐந்தாம் அத்தியாயத்தில், வியாழக்கிழமை, துப்பறிபவர் அந்த மனிதரின் வீட்டுக்குப் போகிறார். அவருடைய மனைவி கிழங்கு நறுக்கிக்கொண்டே, "எங்க காட்டுக் கிழங்குங்க, பத்து நாளைக்கு முன்னால இவரே புடுங்கிட்டு வந்தது" என்கிறார். துண்டுகள் வெள்ளை வெளேரென்று பாத்திரத்தில் விழுகின்றன. அந்த நேரத்தில் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்கிறது. வாசகரின் கவனம் அங்கே போய்விடுகிறது.

"எங்க காட்டுக் கிழங்கு", "இவரே" என்னும் சொற்கள் இங்கே இன்றியமையாதவை. அவை இல்லையென்றால் கிழங்கைக் கடையில் வாங்கியிருக்கலாம், வேறு யாராவது கொண்டுவந்திருக்கலாம் என்று வாசகர் கேட்பார். மேலும், இந்தத் துப்பு அவர் அண்மையில் மலைக்குப் போனதையும் பொய் சொன்னதையும் மட்டுமே காட்டும். கொலையை நிறுவ வேறு துப்புகள் வேண்டும்.

மறைக்கும் பிற வழிகள்

1. பட்டியலில் கலத்தல்: அறையிலுள்ள ஐந்து பொருள்களைச் சொல்லும்போது முக்கியமானதை மூன்றாவதாகச் சொல்லலாம். கடைசியில் வருவது மனத்தில் தங்கிவிடும்.

2. இல்லாமையைத் துப்பாக்குதல்: கோனன் டாயில் 1892இல் எழுதிய குதிரைத் திருட்டுக் கதையில், இரவில் நாய் குரைக்காததே துப்பு. வந்தவர் அதற்குப் பழக்கமானவர்.

3. குணமாகக் காட்டல்: இடக்கையால் எழுதும் பழக்கத்தை, சிறுவயதில் அதற்காகத் திட்டு வாங்கிய கதையாகச் சொல்லலாம்.

தொடர்கதையில் துப்பு

வார இதழ்த் தொடரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மூன்றாம் வாரத்தில் வைத்த துப்பு இருபதாம் வாரத்தில் நினைவிருக்காது. பழைய இதழும் கையில் இருக்காது. எனவே இடையில் ஒருமுறை, வேறு காரணம் காட்டி, அதே விவரத்தைத் தொட்டுச் செல்ல வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

- துப்புக்கு முன்னால் 'விசித்திரமாக', 'ஏனோ' போன்ற சொற்களைச் சேர்ப்பது.
- வாசகர் அறியாத கடிதத்தையோ ஆய்வக அறிக்கையையோ கடைசி அத்தியாயத்தில் எடுத்துக் காட்டுவது.
- குற்றவாளியை இறுதியில் புதிதாக அறிமுகம் செய்வது.

எழுதத் தொடங்கும் மாணவர்கள் முடிவை முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது. பிறகு அந்த முடிவுக்குத் தேவையான துப்புகளைத் தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் இரு பாதிகளும் எந்த அத்தியாயத்தில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளலாம். ஒரு பாதி விடுபட்டிருந்தால் அது அங்கேயே தெரிந்துவிடும்.