ஒரு கிரவுண்டு மனைக்கு அடியில் எவ்வளவு சூடு?

பூமியின் கருவத்தில் வெப்பநிலை 5,000 டிகிரி செல்சியசையும் தாண்டும். பூமி திரண்டபோது சேர்ந்த வெப்பத்தின் மிச்சம் அது. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கம் கவசத்திலும் மேலோட்டிலும் இன்றும் புது வெப்பத்தை உண்டாக்குகிறது. கருவத்துக்கு மேலுள்ள கவசம் சுமார் 2,900 கிலோமீட்டர் தடிமன். திடப் பாறைதான், ஆனாலும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் சூடான பகுதி மேலேறி, குளிர்ந்தது கீழிறங்குகிறது. இந்த வெப்பச்சலனத்தோடு சேர்ந்தே கண்டத் தட்டுகளும் நகர்கின்றன. இந்தியத் தட்டு சுமத்ரா அருகே பக்கத்துத் தட்டுக்கு அடியில் செருகிக்கொள்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று அங்கே பாறை பிளந்ததால் எழுந்த ஆழிப்பேரலை பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் கரைகளில் ஏறியது. பூமியின் உள்வெப்பம் சென்னையைத் தொட்ட கொடிய வழி அதுதான்.

மேலோட்டில் பாறை ஓடுவதில்லை. அங்கே வெப்பம் கடத்தலாக, மிக மெதுவாக ஏறுகிறது. கண்டங்களில் சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு 65 மில்லிவாட்தான் வெளிவருகிறது. அந்தக் கணக்கில் தி. நகரில் 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனை முழுவதற்கும் கிடைப்பது 15 வாட்கூட இல்லை. அதே மனைமீது கோடை உச்சிவெயில் கொட்டுவது ஏறக்குறைய 2 லட்சம் வாட்! சென்னையின் அடிப்பாறை சார்னோகைட். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இந்தப் பாறை கண்ணுக்குத் தெரியும். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான இதில் வெப்பம் தரும் கதிரியக்கத் தனிமங்களும் பொதுவாகக் குறைவு.

ஆக, சென்னைத் தரையைச் சுடவைப்பது வெயிலே. பகல் சூடு மண்ணில் அரை மீட்டருக்குக் கீழே அநேகமாகத் தெரியாது. பருவத்தின் ஏற்ற இறக்கம் சில மீட்டரில் தேய்ந்துவிடும். மயிலாப்பூரின் பழைய வீட்டுக் கிணற்று நீர் ஆண்டு முழுக்க 28 டிகிரியை ஒட்டியே நிற்பதற்குக் காரணம் இதுதான். கத்திரி வெயிலில் அது ஜில்லென்றும், மார்கழி விடியலில் வெதுவெதுப்பாகவும் இருக்கும். மாறுவது வெளிக்காற்று மட்டுமே.

தரை சூடேறும் வேகத்தில் கடல் சூடேறாது. தரைமேல் காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று நுழைகிறது. அடையாறு கரையைத் தொட்டபின் உள்ளே தி. நகரை எட்டச் சற்று நேரமாகும். மே, ஜூனில் மேற்குக் காற்று வலுத்தால் கடல்காற்று தாமதமாகும். அன்று வெப்பநிலை தாறுமாறாக ஏறும். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது.

இரவில் தரையும் கட்டடங்களும் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளிவிடுகின்றன. பகலெல்லாம் சூடு குடித்த கான்கிரீட் தளம் அதைக் கீழே உள்ள அறைக்குள்ளும் இறக்குகிறது. தேக்கு உத்தரத்தின்மேல் செங்கலைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் இந்த விஷயத்தில் மேல். அதன் தடிமன் சூட்டை நெடுநேரம் தாமதப்படுத்தும். கடலோரக் காற்றின் ஈரப்பதமோ வெளியேறும் கதிரை உறிஞ்சி ஒரு பங்கைத் தரைக்கே திருப்புகிறது. அதனால்தான் மே மாத இரவில் விடியும்வரையிலும் புழுக்கம் அடங்குவதில்லை.