நாவின் விருப்பம் எங்கே பிறக்கிறது?

புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் பல மாநில மாணவர்கள் பயில்கின்றனர். 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் இது. இங்கு வரும் வங்காள மாணவருக்குச் சோறு புதிதன்று. அவர் ஊரிலும் சோறுதான். ஆயினும் நம் சாம்பார் சாதம் முதலில் அவர் நாவுக்கு ஒட்டாமற் போகலாம். இது வெறும் பிடிவாதமா?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மூக்கை நன்றாகப் பிடித்துக்கொண்டு சிறிது சோம்பை மெல்லுங்கள். இலேசான இனிப்பு மட்டுமே தெரியும். இப்போது மூக்கை விடுங்கள். சோம்பின் 'சுவை' உடனே வந்துவிடும்! மெல்லும்போது எழும் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கை அடைவதே காரணம். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மணமே. வங்காளச் சமையலின் மணம் கடுகெண்ணெயிலிருந்து வருகிறது. நம்முடையது நல்லெண்ணெய், கறிவேப்பிலை, பெருங்காயத்திலிருந்து வருகிறது. சோறு ஒன்றானாலும் மணம் வேறு.

இந்த மணங்களை நாம் எப்போது கற்கிறோம்? பிறப்பதற்கு முன்பே! தாய் உண்ணும் உணவின் மணம் கருவைச் சூழ்ந்த பனிநீரிலும், பின்னர் தாய்ப்பாலிலும் கலக்கிறது. கருவுற்ற காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ காரட் சாறு பருகிய தாய்மாரின் குழந்தைகள், காரட் கலந்த உணவை எளிதில் ஏற்றதாக 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

பழகுவதும் பழகாததும்

கற்றதை விரிவாக்கவும் முடியும். புதிய உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்டால் வெறுப்பு குறைகிறது. பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த நீள ரொட்டியைப் புதுச்சேரி மக்களும் விரும்பி உண்ணப் பழகியது இவ்வாறே.

ஆனால் எல்லாம் பழக்கத்தால் மாறா. பாற்சர்க்கரையைச் செரிக்கும் 'லாக்டேஸ்' என்னும் நொதி, உலக மக்களில் பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்திற்குப் பின் குறைந்துவிடுகிறது. சீனர்களில் இது மிகுதி. ஆகவே மேலைநாடுகளில் பயிலும் சீன மாணவர் பலருக்கு ஒரு பெரிய கோப்பைப் பால் வயிற்றுப் பொருமலைத் தரலாம். தென்னிந்தியரிலும் இத்தகையோர் பலர் உண்டு. அவர்களுக்குப் பாலைவிடத் தயிர் எளிதில் ஒத்துக்கொள்ளும். பாற்சர்க்கரையின் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் முன்னரே சிதைத்துவிடுகின்றன.

இராமானுஜன் பட்ட துன்பம்

1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற கணிதமேதை இராமானுஜன் சைவ உணவைக் கைவிடவில்லை. தம் அறையில் தாமே சமைத்தார். அவ்வாண்டே போர் மூண்டது; வேண்டிய பண்டங்கள் அரிதாயின. 1917இல் நோயுற்றார். மருத்துவமனை உணவும் அவருக்கு ஏற்கவில்லை. 1920இல் 32 வயதில் மறைந்தார். அவரது நோய் எதுவென்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஏற்ற உணவு கிடைக்காதது அவர் துன்பத்தைப் பெருக்கியது.

எனவே, உங்கள் விடுதியில் புதிய மாணவர் ஒருவர் தேநீரும் பிஸ்கட்டுமாக நாளைக் கழித்தால் கேலி செய்யாதீர்கள். எந்த உணவு அவருக்குப் பழக்கம், எது வயிற்றுக்கு ஒவ்வாது என்று கேளுங்கள். பழகிய உணவு ஒன்று தட்டில் இருக்கட்டும். அதனருகே புதியது ஒரு கரண்டி போதும்.