பத்து நிமிடப் பயணம்

பனிக்கட்டித் தட்டில் கிண்ணத்தை அழுத்தி வைக்கும்போதே விரல்நுனி மரத்துப்போகும். கிண்ணத்தில் மனிதத் தோல் செல்கள். அவற்றின்மேல், சிவப்பாக ஒளிரும் சாயம் ஏற்றிய எல்.டி.எல். துகள்களை விடுவேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கெட்ட கொலஸ்ட்ரால் என்று பார்க்கிறோமே, அதேதான். 4 டிகிரிக் குளிரில் துகள்கள் செல்லின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். 37 டிகிரிக்கு மாற்றினால், சில நிமிடங்களில் அந்தச் சிவப்பு புள்ளி புள்ளியாக உள்ளே போயிருக்கும். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

அந்தப் புள்ளிகள் எண்டோசோம்கள் என்ற சிறு பைகள். செல்லின் சவ்வில் இருக்கும் ஏற்பிகள் துகளைப் பிடித்துக்கொள்ளும். சவ்வு அங்கே குழியும். கிளாத்ரின் என்ற புரதம் செல்லின் உட்பக்கத்திலிருந்து குழியைச் சுற்றிக் கூடை போலப் பின்னிக்கொள்ளும். குழி சிறு பையாகக் கிள்ளுண்டு, கூடை கழன்று, எண்டோசோமோடு சேரும். சவ்விலுள்ள பம்புகள் புரோட்டான்களை இறைப்பதால் எண்டோசோமுக்குள் பி.எச். ஏறக்குறைய 6 வரை இறங்கும். ரத்தத்தில் அது 7.4. அந்தப் புளிப்பில் ஏற்பி தன்மேலேயே மடங்கும், பிடி விட்டுப்போகும். துகள் லைசோசோம் என்ற செரிமானப் பைக்குப் போய்ச் செரிக்கும். ஏற்பியோ மெல்லிய குழாய்களில் ஒதுங்கி, மறுபடி மேலே வந்துவிடும். ஒரு சுற்றுக்குச் சுமார் பத்து நிமிடம். ஒரே ஏற்பி நூறு தடவைக்கு மேல் போய்வரும்!

டல்லாஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1970களில் இதைத் துலக்கினார்கள். பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் ஏறி, சின்ன வயதிலேயே மாரடைப்பு காணும் நோயைத்தான் ஆராய்ந்தார்கள். ஒரு நோயாளியின் செல்கள் துகளைப் பிடித்தன, உள்ளே இழுக்கவில்லை. ஏற்பியின் வாலில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்ததால் அது குழிகளில் வந்து கூடவில்லை என்பது பிறகு தெரிந்தது. 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு.

என் அண்ணனுக்கும் அந்த நோய்தான், சற்று மிதமாக. குதிகாலுக்கு மேல் இருந்த கட்டியைச் செருப்பு உரசி வந்த காய்ப்பு என்று வருடக்கணக்காக நினைத்திருந்தார். ஒரு பொங்கலன்று நான் தொட்டுப் பார்த்தேன். புளியங்கொட்டை மாதிரிக் கெட்டியாக, தசைநாரோடு சேர்ந்தே அசைந்தது. தசைநாரில் படிந்த கொலஸ்ட்ரால் அது.

அவரிடம் நல்ல ஏற்பிகள் பாதிதான். அவற்றிலும், பி.சி.எஸ்.கே.9 என்றொரு புரதம் ஒட்டிய ஏற்பி மேலே திரும்பாது; துகளோடு சேர்ந்து லைசோசோமில் அழிந்துபோகும். அந்தப் புரதத்தை மடக்கும் ஊசி 2015இல் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அண்ணன் வயிற்றில் குத்திக்கொள்கிறார்.

இந்த நோய் பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அண்ணன் மகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தோம், இருக்கிறது. பத்து வயது. ஏற்பிகளைக் கூடுதலாக உண்டாக்கச் செய்யும் ஸ்டாட்டின் மாத்திரையை இப்போதே தொடங்கிவிட்டாள்.