வேலையில் அடிபட்டவர் திரும்பி வந்தா எந்த வேலை கொடுக்கணும்? 'லைட் வேலை'னா என்ன?

பிரஸ் மிஷினில் விரல் போனவர், லோடு ஏத்தும்போது முதுகு பிடிச்சவர், ஏணியிலிருந்து விழுந்து கணுக்கால் உடைஞ்சவர்... சிகிச்சை முடிந்து மருத்துவச் சான்றோடு கேட்டில் வந்து நிற்கிறார். சான்றில் 'லைட் வேலை கொடுக்கவும்' என்று ஒரே வரி. சூப்பர்வைசருக்குத் தலைவலி ஆரம்பிக்கிறது அங்கேதான்.

'லைட் வேலை' ஏன் சிக்கல்?

ஸ்டோர் வேலை லைட் வேலைன்னு பலரும் நினைக்கிறாங்க. ஆனால் ஸ்டோரில் பெட்டி தூக்காமல் யார் இருக்க முடியும்? பேக்கிங்கில் உட்கார்ந்தே செய்யலாம்தான். முதுகு போனவருக்கு எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருவதுதான் பெரிய தண்டனை. கட்டைவிரல் இழந்தவர் நாள் முழுக்க நிற்பார், நடப்பார். அவருக்குப் பிரச்னை பிடிமானம் மட்டும்.

அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு. எத்தனை கிலோ வரை தூக்கலாம்? எவ்வளவு நேரம் நிற்கலாம்? ஏணி ஏறலாமா? தூக்கம் வரவைக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? இந்தக் கட்டுப்பாடு எந்தத் தேதி வரை? டாக்டர் உங்க மிஷினைப் பார்த்ததில்லை. அந்த வேலையில் என்னென்ன செய்யணும்னு கம்பெனி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால்தான் அவரால் சரியாகச் சொல்ல முடியும். முழு மருத்துவ வரலாறும் கம்பெனிக்குத் தேவையில்லை. எது முடியும், எது முடியாது என்பது போதும்.

இன்னொன்று. ஆளை மட்டும் மாற்றிவிட்டு, கார்டு இல்லாத அதே பிரஸ்ஸில் புது ஆளை நிறுத்துவது எந்தக் கணக்கிலும் தீர்வு கிடையாது.

வேலைக்குத் திரும்பினா இஎஸ்ஐ பணம் நின்னுடுமா?

பல தொழிலாளர்கள் பயப்படுவது இதுக்குத்தான். வேலை செய்ய முடியாமல் சிகிச்சையில் இருக்கும் நாட்களுக்கு, சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் தற்காலிக ஊன உதவித்தொகையாகக் கிடைக்கும். வேலைக்குத் திரும்பினால் இது நிற்கும். நிரந்தர ஊனத்துக்கான தொகை அப்படியில்லை. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மெடிக்கல் போர்டு முடிவு செய்த பிறகு வரும் அந்தப் பணம், அதே கம்பெனியில் முழுச் சம்பளத்துக்கு வேலை பார்த்தாலும் தொடரும். 'அதான் இஎஸ்ஐ பணம் வருதே' என்று சம்பளத்தில் கை வைக்க அது கம்பெனிக்கு வரும் மானியம் அல்ல.

சதவீதத்தை வைத்து வேலையை முடிவு செய்வதும் தப்பு. இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் கட்டைவிரல் இழப்புக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுசா போனால் 14 சதவீதம். அது இழப்பீடு கணக்குப் போட. தையல் மிஷினில் உட்காருபவருக்கு அந்த 14 எவ்வளவு பெருசுன்னு பட்டியலுக்குத் தெரியாது.

அரசு வேலைன்னா என்ன, தனியார்னா என்ன?

இங்கேதான் பெரிய இடைவெளி. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவுப்படி, பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு எடுக்கவோ, பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை. அதுவும் இல்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ அவருக்காகவே ஒரு கூடுதல் பணியிடம். அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கும் இது பொருந்தும்.

தனியார் கம்பெனிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. கான்ட்ராக்ட் தொழிலாளி நிலை இன்னும் மோசம். 'வேற ஆளைப் பார்த்துக்கிறோம்' என்று போனிலேயே முடித்துவிடுவார்கள். சங்கம் உள்ள இடங்களில், காயம்பட்டவருக்கு மாற்று வேலை, பழைய சம்பளம் என்பதை ஊதிய ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம். சங்கம் இல்லாதவர்கள் விபத்து அறிக்கை, மருத்துவச் சான்று, மாற்று வேலை உத்தரவு மூன்றின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பழைய காயம் பின்னாளில் மோசமானால், அது எங்கே பட்ட அடி என்று காட்ட இந்தத் தாள்கள்தான் கைகொடுக்கும்.