நாட்டு முகவரிகள் ஏலத்துக்கு வரும்போது

2008 பிப்ரவரியில் பிரிட்டனின் கப்பல் சுற்றுலா நிறுவனம் ஒன்று, ‘குரூசஸ் டாட் கோ டாட் யூகே’ என்ற இணைய முகவரியை 5,60,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. ‘குரூஸ் டாட் கோ டாட் யூகே’ ஏற்கெனவே அந்த நிறுவனத்திடம்தான் இருந்தது. அத்தனை பணமும் கடைசியில் ஒட்டும் ஓர் ‘எஸ்’ எழுத்துக்கு. விற்றது ஜெர்மனியில் இருந்த ஒரு பயண நிறுவனம். விற்பனைக்கு வழி செய்தது கொலோன் நகரத்தின் செடோ என்ற டொமைன் சந்தை. அதே ஆண்டு, கடன் என்று பொருள்படும் ‘கிரெடிட்’ என்ற ஜெர்மன் சொல் டாட் டிஇ முடிவோடு 8,92,500 யூரோவுக்குக் கைமாறியது. ஏழரை லட்சம் யூரோவோடு அந்த நாட்டின் 19 சதவீத வரியைக் கூட்டினால் சரியாக இந்த எண் வரும்.

இரண்டுமே டாட் காம் அல்ல. இரண்டும் ஒரு நாட்டின் குறியீட்டோடு முடிபவை. இப்படிப்பட்ட பெயர் ஒன்று உங்கள் கையில் இருந்து, அதைப் பெரிய ஏலம் ஒன்றுக்கு அனுப்ப நினைத்தால் என்ன நடக்கும், எங்கே கவனம் வேண்டும் என்று பார்க்கலாம்.

இந்தியாவுக்கு டாட் இன், இலங்கைக்கு டாட் எல்கே, ஜெர்மனிக்கு டாட் டிஇ என்று சுமார் 250 நாடுகளுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் இரண்டெழுத்து முடிவுகள் இருக்கின்றன. ஐஎஸ்ஓ 3166 என்ற உலகத் தரப் பட்டியலிலிருந்துதான் இந்த எழுத்துகளை எடுக்கிறார்கள். பிரிட்டன் மட்டும் பட்டியலில் தனக்குள்ள ஜிபியை விட்டுவிட்டு யூகேயைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பதிவகம் உண்டு. டாட் இன்னை நிக்ஸி நடத்துகிறது, டாட் டிஇயை டெனிக், டாட் யூகேயை நாமினெட். டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு ஐகேன் அமைப்பின் விதிகள் உலகம் முழுவதும் ஒன்றுபோலப் பொருந்தும். நாட்டுப் பெயர்களில் அந்தந்தப் பதிவகம் சொல்வதே சட்டம். விலை, தகுதி, மாற்றும் முறை, வழக்கு எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன. வாங்குபவர் கையில் சேருவது ஒரு சொல் மட்டும் அன்று. ஒரு நாட்டின் விதிகளுக்கு உட்பட்டு அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் உரிமை.

டொமைன் ஏலங்களில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, காலாவதியான பெயர்களின் ஏலம். புதுப்பிக்காமல் விட்ட பெயரைப் பதிவகமோ, வாடிக்கையாளருக்குப் பெயரைப் பதிவு செய்து தரும் பதிவாளர் நிறுவனமோ எடுத்து ஏலம் விடும். பழைய உரிமையாளருக்கு அதில் வேலையில்லை. கரீபியன் தீவான அங்கிலாவின் டாட் ஏஐ இதற்கு நல்ல உதாரணம். செயற்கை நுண்ணறிவு அலை எழுந்ததும் அந்த எழுத்துகளுக்குக் கிராக்கி ஏறியது. 2023இல் மட்டும் பெயர்ப் பதிவு வழியாக அந்தச் சிறிய தீவின் அரசுக்கு வந்தது சுமார் 3.2 கோடி டாலர், அரசின் மொத்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். காலாவதிப் பெயர்களின் ஏலத் தொகையும் அந்தக் கஜானாவுக்குத்தான் போகிறது.

இன்னொன்று, உரிமையாளரே முன்வந்து பெயரைக் கொடுக்கும் பிரீமியம் ஏலம். நாம் பேசுவது இதைப் பற்றி. செடோ ‘கிரேட்டொமைன்ஸ்’ என்ற பெயரில் நடத்திவந்த ஏலங்கள் இந்த வகை. சில ஏலங்களில் எல்லா முடிவுகளும் கலந்திருக்கும். சிலவற்றில் நாட்டுப் பெயர்களை மட்டும் தனியாகத் திரட்டுவார்கள். ஏலத்துக்குச் சில வாரங்கள் முன்பே பெயர்களைக் கேட்டு வாங்குவார்கள். நீங்கள் அனுப்பியதெல்லாம் மேடை ஏறிவிடாது. நூற்றுக்கணக்கில் வருவதிலிருந்து விலைபோகும் என்று அவர்கள் நம்புவதை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். நிராகரித்தால் காரணம் சொல்லும் வழக்கம் பெரும்பாலும் இல்லை.

எதைத்தான் பொறுக்குகிறார்கள்? நாட்டுப் பெயர்கள் இங்கே இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கின்றன. ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ் போன்ற நாடுகளின் முடிவுகள் அந்த நாட்டு வியாபாரத்துக்கானவை. அங்கே உள்ளூர் மொழியின் அன்றாடச் சொல்லுக்குத்தான் மதிப்பு. கடன், காப்பீடு, விமானப் பயணம், வீட்டுமனை போன்ற, கடைக்காரர் விளம்பரத்துக்குப் பணம் கொட்டும் சொற்கள். டாட் டிஇயில் ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு ஜெர்மன் சொல்லின் விலையை எதிர்பார்ப்பவர்கள் நிறைய, ஏமாறுபவர்களும் அவர்களே. மற்றக் கூட்டம், நாட்டை விட்டு வெளியே வந்துவிட்ட முடிவுகள்: துவாலுவின் டாட் டிவி, மான்டினீக்ரோவின் டாட் மீ, கொலம்பியாவின் டாட் கோ, அங்கிலாவின் டாட் ஏஐ. இவற்றை கூகுள் தேடலும் ஒரு நாட்டுக்குரியதாகப் பார்ப்பதில்லை, பொதுப் பெயராகவே நடத்துகிறது. அதனால் வாங்குபவர் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வரலாம். டாட் இன் முதல் கூட்டத்தைச் சேர்ந்தது. இந்தியச் சந்தையைக் குறிவைப்பவருக்குத்தான் அது வேண்டும்.

வெளிநாட்டுக்குப் போன முடிவுகளிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அமெரிக்காவின் ஓவர்ஸ்டாக் என்ற இணையக் கடை 2010இல் ‘ஓ டாட் கோ’ என்ற ஓரெழுத்து முகவரியை 3,50,000 டாலருக்கு வாங்கி, மறு ஆண்டு தன் கடையின் பெயரையே அப்படி மாற்றியது. ஓக்லாந்தின் விளையாட்டு அரங்கத்துக்குக்கூட அந்தப் பெயர் சூட்டப்பட்டது. வாடிக்கையாளர்களோ பழக்கதோஷத்தில் டாட் காம் என்றே தட்டினார்கள். கடை கொஞ்ச காலத்திலேயே பழைய பெயருக்குத் திரும்பியது. பெயரை வாங்க வருபவர்களுக்கு இந்தக் கதை தெரியும். அதே சொல்லின் டாட் காம் யாரிடம் இருக்கிறது, அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள். அனுப்புவதற்கு முன் நீங்களும் பார்த்துவிடுவது நல்லது.

விண்ணப்பத்தில் முக்கியமான கட்டம் ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று நீங்கள் குறிக்கும் தொகை. பெயர் தேர்வாவதும் தள்ளுபடியாவதும் பெரும்பாலும் இந்த எண்ணில்தான் தீர்மானமாகிறது. பல ஏலங்களில் சரியான தொகையைக் காட்டாமல், இத்தனை ஆயிரத்திலிருந்து இத்தனை ஆயிரம் வரை என்று ஒரு வரம்பை மட்டும் காட்டுவார்கள். ரிசர்வை உயரத்தில் வைத்தால் ஒருவரும் முதல் விலையைக் கேட்கத் துணிவதில்லை. கேட்பு விழாத பெயர் பட்டியலில் கிடந்து, ‘இதை யாரும் சீண்டவில்லை’ என்ற சேதியை எல்லோருக்கும் சொல்லிவிடும். என் கருத்தில், மனதில் இருக்கும் ஆசை விலையில் பாதிக்குக் கீழே ரிசர்வ் வைக்க மனமில்லாதவர் ஏலத்துக்குப் போகாமல், நிலையான விலையில் பட்டியலிட்டுக் காத்திருப்பதே மேல். ஏலம் அவசரக்காரருக்கும் துணிந்தவருக்குமான இடம்.

ஏலத்துக்கு ஒப்புக்கொண்டதும் அந்தக் காலத்துக்குப் பெயரை வேறெங்கும் விற்பதில்லை என்று உறுதி கொடுக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ஒரே பெயரை நாலைந்து சந்தைகளில் நிலையான விலையோடு போட்டுவைத்திருப்பார்கள். சில சந்தைகளில் வாங்குபவர் பொத்தானை அழுத்தினால் உடனே விற்பனையாகிவிடும். ஏலமும் நடந்துகொண்டிருந்தால் ஒரே பெயருக்கு இரண்டு சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். இருவரில் ஒருவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஏல ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே மற்றப் பட்டியல்களிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள்.

மனை வாங்குவதற்கு முன் வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல, நாட்டுப் பெயருக்கும் பார்க்க வேண்டியவை உண்டு. முதலில், யார் வைத்திருக்கலாம் என்ற தகுதி. டாட் சிஏ கனடாவோடு தொடர்பு உள்ளவர்களுக்கு, டாட் ஏயூ ஆஸ்திரேலியத் தொடர்பு உள்ளவர்களுக்கு, டாட் யூஎஸ் அமெரிக்கத் தொடர்பு உள்ளவர்களுக்கு மட்டும். ஆஸ்திரேலியாவில் 2008 வரை பெயரை விற்பதற்கே கட்டுப்பாடு இருந்தது. தகுதி இல்லாத ஒருவர் ஏலம் எடுத்துவிட்டால், பணம் வந்தாலும் பெயரை மாற்றித் தர முடியாது. தகுதி நடுவிலும் பறிபோகும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது, அந்த நாட்டவர் பெயரில் இருந்த சுமார் 80,000 டாட் இயூ முகவரிகள் 2021 ஜனவரியில் முடக்கப்பட்டன. அவற்றில் நல்ல பெயர்களும் இருந்திருக்கும், ஒன்றும் செய்வதற்கில்லை.

அடுத்து, அந்த முடிவே நிலைக்குமா என்பது. யுகோஸ்லாவியா என்ற நாடு போனது. டாட் ஒய்யூ 2010இல் அணைக்கப்பட்டது. டாட் ஐஓ பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதியின் குறியீடு. சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கப்போவதாக 2024இல் பிரிட்டன் அறிவித்ததிலிருந்து, அந்த முடிவை வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனங்கள் அதன் எதிர்காலத்தை விசாரித்தபடி இருக்கின்றன. காபோன் 2023இல் தன் டாட் ஜிஏ நிர்வாகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது, இலவசமாக வாரிக்கொடுக்கப்பட்டிருந்த சுமார் 70 லட்சம் பெயர்கள் ஒரே வீச்சில் நீங்கின. 2010இல் லிபியாவின் பதிவகம், நாட்டின் சட்டத்துக்கும் நெறிக்கும் ஒவ்வாதது என்று சொல்லி ‘விபி டாட் எல்ஒய்’ என்ற சுருக்க முகவரியை உரிமையாளரிடமிருந்து பறித்தது. மூன்றெழுத்து, இரண்டெழுத்து என்று ஆசைப்பட்டு வாங்கிய பலருக்கும் அன்று தூக்கம் கெட்டது.

மூன்றாவது வணிகச் சின்னம். ஒரு நிறுவனத்தின் பெயரையோ அதன் சாயலையோ ஏலத்துக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். ஏல நிறுவனமே தள்ளிவிடும். தப்பித்தவறி ஏறிவிட்டால் புகார் வரும். டாட் டிவி, டாட் மீ, டாட் கோ போன்றவை ஐகேனின் யூடிஆர்பி தீர்ப்பு முறையை ஏற்றவை. டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி என்ற தனி முறை உண்டு. நாமினெட்டுக்கும் தன் முறை இருக்கிறது. டாட் டிஇ விவகாரமோ ஜெர்மன் நீதிமன்றத்துக்குப் போகும். வழக்காடுபவர் டெனிக்கிடம் விண்ணப்பித்து அந்தப் பெயரின்மேல் ‘டிஸ்பியூட்’ குறிப்பு ஒன்றைப் போட்டுவைக்கலாம். அது விழுந்துவிட்டால், தீரும்வரை பெயரை வேறொருவருக்கு மாற்ற முடியாது.

புதுப்பிப்புக் கட்டணத்தையும் விண்ணப்பத்தில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டாட் டிவியில் முன்பு பிரீமியம் என்று முத்திரை குத்தப்பட்ட பெயர்களுக்கு, முதல் ஆண்டு கொடுத்த பெருந்தொகையையே ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பெயரை ஏலத்தில் எடுத்தவர் அடுத்த ஆண்டு பில்லைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்திலேயே முடியும் நாட்டுப் பெயர்களும் மூன்று இருக்கின்றன: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர். இவற்றை விண்ணப்பத்தில் எழுதும்போது தமிழ் வடிவத்தோடு, ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் அதன் லத்தீன் எழுத்து வடிவத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கணினி வலைக்குள் பெயர் உண்மையில் அந்த வடிவத்தில்தான் பதிவாகியிருக்கிறது.

ஏலம் நடப்பது பெரும்பாலும் ஒரு வாரம். முதல் நாட்களில் அசைவே இருக்காது. கடைசி ஒரு மணி நேரத்தில்தான் சூடு பிடிக்கும். முடியப்போகும் சில நிமிடங்களில் யாராவது விலை ஏற்றினால் ஏல நேரம் தானாக நீளும். கடைசி விநாடியில் தட்டிப் பறிக்க முடியாதபடி இந்த ஏற்பாடு. தன் பெயருக்குத் தானே, அல்லது நண்பர் வழியாக விலை ஏற்றுவது எல்லா ஒப்பந்தங்களிலும் தடைசெய்யப்பட்டது. ஆனால் ஏமாற்று மறுபக்கத்திலிருந்தும் வந்ததுண்டு. ஸ்னாப்நேம்ஸ் என்ற அமெரிக்க ஏல நிறுவனம், தன் ஊழியர் ஒருவரே 2005 முதல் புனைபெயரில் வாடிக்கையாளர்களுக்கு எதிராக விலை கேட்டு வந்ததை 2009இல் ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு வட்டியோடு பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

விற்றுவிட்டால் பணம் நேராக உங்களுக்கு வராது. வாங்கியவர் ஏல நிறுவனத்தின் பொறுப்புக் கணக்கில் கட்டுவார். பெயர் மாறியது உறுதியானதும், கமிஷன் போக மிச்சம் உங்களுக்கு வரும். கமிஷன் எவ்வளவு, அது வரியோடா வரி இல்லாமலா என்பதை ஒப்பந்தத்திலேயே பாருங்கள். பெயரை மாற்றுவதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு. டாட் டிஇக்கு ‘ஆத்இன்ஃபோ’ என்ற கடவுச்சொல் வேண்டும். அது 30 நாள் மட்டும் செல்லும். ஆகவே ஏலத்துக்கு வெகு நாள் முன்பே எடுத்துவைத்துப் பயனில்லை. டாட் யூகேயில் பெயர் எந்தப் பதிவாளர் நிறுவனத்தின் கீழ் இருக்கிறது என்று காட்டும் குறியை மாற்றுவதே வழக்கமாக இருந்தது. டாட் இன்னுக்கும் கடவுச்சொல் உண்டு. அதற்கு முன் பதிவாளர் தளத்தில் பூட்டைத் திறந்து, உரிமையாளர் பெயரும் மின்னஞ்சலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கம்பெனியின் பெயரிலோ, பெயரைப் பதிவு செய்து கொடுத்த வெப் டிசைனரின் பெயரிலோ இருக்கும் டொமைனை நீங்கள் விற்க முடியாது. எத்தனை ஆண்டுகளாகப் பணம் கட்டி வந்தாலும் சரி, பதிவகத்தின் ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர்.

ரிசர்வ் எட்டாமல் ஏலம் முடிந்தால் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அதிக விலை கேட்டவரோடு பேசிப் பார்க்க ஏல நிறுவனங்கள் சில நாட்கள் அவகாசம் எடுத்துக்கொள்வதுண்டு, அதுவரை ஒப்பந்தமும் உங்களைக் கட்டும். அந்த நாட்கள் கழிந்து பெயர் உங்கள் கைக்கு வந்த பிறகு, விற்காத விலை ஊரறிய நிற்கும் என்பதால் அதே பெயரை உடனே அடுத்த ஏலத்துக்கு அனுப்பாமல் ஓராண்டு ஆறப்போடுபவர்கள்தான் அதிகம்.